ஒரு நூலகரும் ஒரு சாண் கத்தியும்

என் வலது கை ஆள்காட்டி விரலில் ஒரு பழைய தழும்பு உண்டு. குறுக்காக, கணுவுக்குக் கீழே. 38 வருடம் சர்க்கார் கோப்புகளில் குறிப்பு எழுதிய விரல். பேனாவைப் பிடித்தால் அந்தத் தழும்பின் மேல்தான் அது உட்காரும். அலுவலகத்தில் யாராவது கேட்டால் "சின்ன வயசுல கத்தி பட்டுது" என்று முடித்துக்கொள்வேன். முழுக்கதை வேறு.

அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா. நான் பிறக்கும்போது இந்தோசீனாவில் இருந்தார். இடையில் ஒரு முறை விடுப்பில் வந்தாராம், எனக்கு நினைவில்லை. 1955இல் அவர் நிரந்தரமாகத் திரும்பி வந்தபோது எனக்கு ஐந்து வயது. திண்ணையில் ஓர் இரும்புப் பெட்டியும், பக்கத்தில் ஓர் ஆளும். "அப்பாடா, போய்க் கும்பிடு" என்று அம்மா முதுகைத் தள்ளியது ஞாபகம் இருக்கிறது. அந்தப் பெட்டிக்குள் ஒரு மடக்குக் கத்தி இருந்தது. மூன்று வருடம் கழித்து அப்பா இல்லாத ஒரு மத்தியானம் அதை எடுத்துக் கொட்டாங்கச்சியில் ஓட்டை போடப் பார்த்தேன். முனையை வைத்து அழுத்தினேன். கத்தி மடங்கி, பிடியைச் சுற்றியிருந்த விரலிலேயே வந்து இறங்கியது. தப்பு என்னுடையதுதான். முனையில் அழுத்தினால் மடக்குக் கத்தி மடங்கத்தான் செய்யும்.

இந்தப் பழங்கதை இப்போது நினைவுக்கு வரக் காரணம் என் மகள் வயிற்றுப் பேரன். பிரான்சில் படிக்கிறான், வயது 19. லீவு கிடைத்தால் முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு மலைக்கும் காட்டுக்கும் போய்விடுகிறான். இந்தத் தடவை புதுச்சேரிக்கு வந்தபோது அவன் பெட்டியில் ஒரு கத்தி இருந்தது. அலகு என் உள்ளங்கை அகலத்துக்குக் கொஞ்சம் கூட. பிளாஸ்டிக் உறை. நான் தொடத் தயங்கியதைப் பார்த்துவிட்டு, "பயப்படாதீங்க தாத்தா, இது மடங்காது" என்றான்.

மடங்காத கத்திதான் பழசு. மடக்கும் கத்தி அதற்குப் பிறகு சட்டைப் பைக்காக வந்தது. இது தெரிந்த விஷயம். ஆனால் காட்டில் வாழ்ந்தவர்கள் ஏன் மடங்காத கத்தியையே, அதிலும் சிறிய கத்தியையே வைத்துக்கொண்டார்கள் என்று பேரனைக் கேட்டேன். அவன் தன் கணினியில் ஒரு பழைய ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்து கொடுத்துவிட்டுக் கடற்கரைக்குப் போய்விட்டான். பிரெஞ்சில் படித்தவன் நான். ஆங்கிலம் எனக்கு ஆபீஸ் ஆங்கிலம். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் படித்தேன். அதிலிருந்தும் வேறு சில இடங்களிலிருந்தும் தெரிந்துகொண்டதை இங்கே சொல்கிறேன்.

முதலில் எங்கள் பள்ளிக்கூடத்துச் சரித்திரப் பாடத்துக்குப் போக வேண்டும். 1763 பாரிஸ் ஒப்பந்தத்தை என்னோடு படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1761இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்துத் தரைமட்டமாக்கிய புதுச்சேரி அந்த ஒப்பந்தத்தில்தான் பிரான்சுக்குத் திரும்பி வந்தது. அதே காகிதத்தில் கனடா கைவிட்டுப் போயிற்று. அவ்வளவு பெரிய கனடாவைக் கொடுத்துவிட்டு இத்தனூண்டு ஊரை வாங்கிக்கொண்டார்களா என்று நாங்கள் சிரிப்போம்.

அந்தக் கனடாவில் 'கூரர் தெ புவா' என்று ஒரு கூட்டம் இருந்தது. காட்டில் ஓடுகிறவர்கள் என்று பொருள். 17ஆம் நூற்றாண்டில், பெரும்பாலும் கவர்னரின் அனுமதிச் சீட்டுகூட இல்லாமல், மரப்பட்டைத் தோணியில் ஏறி உள்காட்டுக்குப் போய், பூர்வகுடி மக்களிடம் பீவர் தோல் வாங்கி வருவார்கள். ஐரோப்பாவில் தொப்பி செய்ய அந்தத் தோலுக்கு அப்படி ஒரு கிராக்கி. பதிலுக்குக் கொடுத்த சரக்கில் கெட்டில், கம்பளி, கோடரி இவற்றோடு கத்தியும் உண்டு. மடக்குக் கத்தியும் போயிருக்கிறது, மடங்காததும் போயிருக்கிறது. தோல் உரிப்பவன் கையில் நின்றது மடங்காததுதான். கொழுப்பும் ரத்தமும் மணலும் போய் அடைத்துக்கொள்ள அதில் மூட்டு கிடையாது. பனியில் விரல் விறைத்திருக்கும்போது நகத்தால் அலகைப் பிரிக்க வேண்டிய வேலையும் இல்லை. உறையிலிருந்து ஒரே இழுப்பு.

கனடா ஆங்கிலேயர் கைக்குப் போன பிறகும் இந்த வியாபாரம் நிற்கவில்லை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு கத்திகள் அங்கே குவிந்தன. பிறகு அமெரிக்காவிலேயே, மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கிரீன் ரிவர் என்ற ஆற்றங்கரையில், 1834இல் ஜான் ரஸல் ஒரு பட்டறை ஆரம்பித்தார். அங்கே செய்தவை சாதாரணக் கசாப்புக் கத்திகளும் சமையல் கத்திகளும்தான். மேற்கே போன வேட்டைக்காரர்களும் குடியேறிகளும் இடுப்பில் செருகிக்கொண்டவை அவையே.

ஆனால் ஊரில் பேர் வாங்கியது வேறு கத்தி. 1827இல் மிசிசிப்பி ஆற்றின் மணல்திட்டில் நடந்த ஒரு சண்டையில் ஜேம்ஸ் போவி என்பவர் பெரிய கத்தி ஒன்றால் ஆளைக் குத்தினார். பத்திரிகைகள் ஊதிவிட்டன. அதன் பிறகு 'போவி கத்தி' என்று முழ நீளத்துக்குக் கைக்காப்பும் வளைந்த முனையுமாகக் கடைகளில் தொங்க ஆரம்பித்தது. நகரத்திலிருந்து வேட்டைக்குப் போகிறவர் அதைத்தான் வாங்குவார். நம் ஊரில் புதுப் பணக்காரர் பெரிய மீசை வைத்துக்கொள்வது மாதிரி.

அதைக் கேலி செய்தவர் ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளி. ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸ், பென்சில்வேனியாவின் வெல்ஸ்பரோ ஊர்க்காரர், 'நெஸ்மக்' என்ற புனைபெயரில் எழுதினார். குள்ளமானவர், ஒல்லி, நோயாளி. 1883இல், வயது 60ஐத் தாண்டிய பிறகு, பத்தரை பவுண்டு எடையுள்ள ஒரு தோணியில் தனியாக அடிராண்டாக் மலை ஏரிகளைச் சுற்றி வந்தார். பத்தரை பவுண்டு என்றால் ஐந்து கிலோவுக்கும் குறைவு! மறுவருடம் காட்டுவாசம் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அவரிடம் மூன்று வெட்டும் கருவிகள் இருந்தன: சிறிய இரட்டைவாய்க் கைக்கோடரி, மடக்குக் கத்தி, இடுப்பில் ஒரு மெல்லிய மடங்காத கத்தி. வெட்டுவதற்குக் கோடரி இருக்கும்போது கத்தி எதற்குப் பெரிதாக இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

அவருக்குப் பின் வந்தவர்தான் நான் சொல்ல வந்த ஆள். ஹொரேஸ் கெப்ஹார்ட். பிறந்தது 1862, பென்சில்வேனியாவில். இவர் வேட்டைக்காரரும் இல்லை, பட்டாளத்துக்காரரும் இல்லை. நூலகர். புத்தகங்களுக்குப் பட்டியல் போடுகிற வேலை. அதற்காக இத்தாலி வரை போய்வந்தவர். 1890இல் செயிண்ட் லூயிஸ் நகரத்து மெர்கன்டைல் நூலகத்துக்குத் தலைவரானார். மனைவி லாரா, ஆறு பிள்ளைகள். மேசை, பதிவேடு, அட்டை, வரிசை எண். என்னுடைய ஆபீஸ் வாழ்க்கையில் கடைசிப் பன்னிரண்டு வருடம் பதிவறையில்தான் கழிந்தது. ஆகவே இந்த மனிதரின் நாள் எப்படி விடிந்து எப்படி அடைந்திருக்கும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம்.

அவருக்கு அது தாங்கவில்லை. லீவு நாளில் காட்டுக்குப் போவார். பிறகு லீவு இல்லாத நாளிலும் போனார். குடி சேர்ந்தது. 1903இல் வேலை போயிற்று, மனமும் உடைந்தது. மனைவி பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நியூயார்க் மாநிலத்து இதகா ஊருக்குப் போய்விட்டார். 1904இல் கெப்ஹார்ட் தனியாக வட கரோலினாவின் ஸ்மோக்கி மலைக்குப் போய், ஹேசல் கிரீக் என்ற ஓடையின் கிளை ஒன்றின் அருகில் ஒரு மரக்குடிசையில் மூன்று வருடம் இருந்தார். விவாகரத்து ஆகவில்லை. மறுபடி நிலையாகச் சேர்ந்து வாழவும் இல்லை.

அங்கிருந்து எழுதிய கட்டுரைகளோடு 1906இல் அவருடைய முகாம் புத்தகம் வந்தது. பேரன் எனக்குத் திறந்து கொடுத்தது இதைத்தான். பத்து வருடம் கழித்து விரிவாகி இரண்டு பாகமாயிற்று. இன்றும் அச்சில் இருக்கிறது. கூடாரம், சமையல், செருப்பு, சாக்குப்பை எல்லாவற்றுக்கும் அவர் அளவு கொடுக்கிறார். நூலகர் புத்தி போகுமா?

கத்திக்கும் அளவு கொடுத்திருக்கிறார். அவரிடம் இருந்த கத்தியை ஒரு கிராமத்துக் கொல்லர் அடித்துக் கொடுத்தாராம். அலகு நாலேகால் அங்குலம். பிடியும் நாலேகால் அங்குலம். சேர்த்தால் நம்முடைய ஒரு சாண். அலகின் அகலம் 1 அங்குலம், முதுகில் தடிமன் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 3 மில்லிமீட்டர் சொச்சம். அலகு பிடியோடு முடிந்துவிடாமல் பிடிக்குள்ளேயே நீண்டு போகும், அதன் மேல் மரத்தை வைத்து ஆணி அறைந்திருக்கும். முதுகுப் பக்கம் கைக்காப்பு கிடையாது. பிடி முட்டை வடிவம், எங்கும் கூரான விளிம்பு இல்லை. நாள் முழுதும் பிடித்தாலும் கொப்புளம் வராது.

தோய்ச்சலைப் பற்றி அவர் சொல்வதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பச்சை மரக் குச்சியைச் சீவும் அளவுக்கு எஃகு கெட்டியாக இருக்க வேண்டும். ஆனால் கணுவிலோ எலும்பிலோ பட்டால் கூர் மடிய வேண்டுமே தவிர, தெறித்துப் பல் விழக்கூடாது. மடிந்த கூரைச் சாணைக்கல்லில் நிமிர்த்திவிடலாம். தெறித்துப்போனதைக் காட்டில் உட்கார்ந்து என்ன செய்ய முடியும்? எங்கள் தெருமுனையில் முன்பு கொல்லுப்பட்டறை வைத்திருந்த ஆசாரியும் அரிவாளுக்கு இதே நியாயத்தைத்தான் சொல்லுவார்.

இந்த அளவில் பென்சில்வேனியாவில் கோல்கிளெசர் சகோதரர்கள் என்ற கோடரிப் பட்டறைக்காரர்கள் கத்தி செய்து விற்றார்கள். 'கெப்ஹார்ட் கத்தி' என்ற பெயர் நிலைத்துவிட்டது. நூறு வருடம் தாண்டியும் கத்திப் பட்டறைகள் அந்த வடிவத்தைச் செய்துகொண்டிருக்கின்றன.

கெப்ஹார்ட் அதோடு நிற்கவில்லை. மரக் கம்பெனிகள் ஸ்மோக்கி மலையை மொட்டையடிப்பதைக் கண்டு, அதைத் தேசியப் பூங்காவாக்க வேண்டும் என்று எழுதித் தள்ளினார். ஜப்பானிலிருந்து வந்து குடியேறிய ஜார்ஜ் மாசா என்ற புகைப்படக்காரர் கூடச் சேர்ந்துகொண்டார். ஒருவர் எழுத்து, ஒருவர் படம். 1931 ஏப்ரல் 2ஆம் தேதி பிரைசன் சிட்டி அருகே ஒரு கார் விபத்தில் கெப்ஹார்ட் இறந்தார். பூங்கா 1934இல் அமைந்தது. அங்கே ஒரு சிகரத்துக்கு அவர் பெயர்.

இந்த இடத்தில் நான் நாலைந்து நாள் படிப்பதை நிறுத்திவிட்டேன். சிகரத்துக்கு அவர் பெயர், கத்திக்கு அவர் பெயர். ஆறு பிள்ளைகளை வளர்த்த லாராவின் பெயர் எதற்கு இருக்கிறது? குடிசையில் விளக்கடியில் உட்கார்ந்து, பிடியில் கூர்விளிம்பு இருக்கக்கூடாது, கை நோகும் என்று கவலையோடு எழுதியவருக்கு, இதகாவில் அந்த ராத்திரி யாருக்குக் காய்ச்சல் என்று தெரிந்திருக்குமா? என் அப்பா உத்தரவின் பேரில் போனார், சம்பளத்தை அனுப்பினார், திரும்பியும் வந்தார். இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் அப்பா இல்லாத ஐந்து வருடத்தை எங்கள் வீட்டில் தூக்கிச் சுமந்தது அம்மா. அப்பாவிடம் மெடல் இருந்தது. அம்மாவிடம் அடகுக் கடைச் சீட்டுகள் இருந்தன. கெப்ஹார்ட்டின் எழுத்தை மதிக்கிறேன். அந்த ஆளை மன்னிக்க எனக்கு மனசு வரவில்லை. பேரனிடம் சொன்னேன். "அவரு நோயாளி தாத்தா. அங்கே போகலன்னா செத்திருப்பாரு" என்றான். அதுவும் உண்மையாக இருக்கலாம்.

சரி, பேரன் கத்திக்கு வருவோம். அது கெப்ஹார்ட் கத்தி இல்லை. சுவீடனில் சில்யான் ஏரிக்கரையில் மோரா என்று ஓர் ஊர். அந்த ஊர்க் கத்தி. அமெரிக்காவில் மரம் வெட்டப் போய்த் திரும்பிய எரிக் ஃப்ரோஸ்ட் என்பவர் 1891இல் அங்கே மரம் இழுக்கும் சறுக்குவண்டிப் பட்டறை வைத்தார். வண்டி செய்கிறவர்களுக்குக் கத்தி வேண்டுமே என்று கத்தியும் செய்தார்கள். வண்டி போய்விட்டது, கத்தி நின்றது. சிவப்புச் சாயம் பூசிய பர்ச் மரப்பிடிதான் அதன் பழைய அடையாளம். விலை குறைவு. தச்சர், மீனவர், பள்ளியில் கைவேலை வகுப்புக்குப் போகும் பிள்ளை எல்லார் கையிலும் இருக்கும். கனடாவில் காட்டுவாசம் கற்பித்த மோர்ஸ் கொஹான்ஸ்கி என்ற ஆசிரியர் 1987இல் எழுதிய புத்தகத்துக்குப் பிறகு, இந்த மலிவுக் கத்திக்கு உலகமெங்கும் மரியாதை வந்தது. அலகு உள்ளங்கை அகலம் இருந்தால் போதும் என்பது அவர் அளவு. கெப்ஹார்ட்டின் நாலேகால் அங்குலமும் ஏறக்குறைய அதுதான்.

இதன் கூரை உற்றுப் பார்த்தேன். நம் வீட்டுக் கத்தியில் சரிவு முடிந்து, நுனியில் இன்னொரு குட்டிச் சரிவு இருக்கும். இதில் இரண்டு பக்கமும் ஒரே அகலச் சரிவு, நேராகக் கூரில் போய் முடிகிறது. தீட்டும்போது கோணம் பார்க்க வேண்டாம். அந்தச் சரிவைக் கல்லில் படுக்க வைத்துத் தேய்த்தால் சரியாக வந்துவிடும். என் போன்ற கை நடுங்கிகளுக்குச் சௌகரியம். மரம் சீவும்போதும் அந்தச் சரிவே மரத்தில் படுத்துக்கொண்டு இழைப்புளி மாதிரி வழிகாட்டுகிறது.

கொல்லையில் கிடந்த சவுக்குக் கட்டையில் பேரன் செய்து காட்டினான். மணிக்கட்டுத் தடிமனுள்ள துண்டை நிறுத்தி, அதன் தலையில் கத்தியின் கூரை வைத்து, கத்தி முதுகில் இன்னொரு கட்டையால் தட்டினான். நேரான நார் உள்ள துண்டு இரண்டாகப் பிளந்தது. வடதேசத்துக் காட்டில் இது வெறும் வித்தை இல்லை. அங்கே மழையும் பனியும் விழுந்து கட்டையின் மேல்பக்கம் நனைந்திருக்கும், உள்ளே காய்ந்திருக்கும். பிளந்தால்தான் நெருப்பு. பிளந்த குச்சியைச் சுருள் சுருளாக, சுருள் அறுந்து விழாமல் சீவி, அதில்தான் தீ மூட்டுகிறார்கள். மடக்குக் கத்தி முதுகில் இப்படித் தட்டினால் அதன் மூட்டு ஆடிப்போகும்.

அடுத்த துண்டில் கணு இருந்தது. கத்தி பாதியில் சிக்கிக்கொண்டது. வெளியே எடுக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. "கணு இருந்தா செய்யக்கூடாது தாத்தா, மறந்துட்டேன்" என்றான். காய்ந்த கருவேலங்கட்டையில் கூர் வழுக்கிக்கொண்டே போயிற்று, பூவாகச் சீவ வரவில்லை. பைனும் பர்ச்சும் வளரும் ஊருக்குப் பிறந்த கத்தி இது. நம் முள்ளுக்கும் புதருக்கும் வீசி வெட்டுகிற கனம் வேண்டும். எங்கள் தோட்டக்காரர் அதை வாங்கிக் கையில் எடை பார்த்துவிட்டு, "நல்லா இருக்குங்கய்யா, மட்டை சீவுறதுக்கு ஆவாது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். தன் வெட்டுக்கத்தியோடு அவர் போனதைப் பார்த்தால் கெப்ஹார்ட்டும் ஒத்துக்கொண்டிருப்பார். அவரும் கத்தியோடு கோடரி வைத்திருந்தவர்தானே.

இன்னொன்று, இது கார்பன் எஃகு. நம் கடற்காற்றுக்கு இரண்டே நாளில் அலகில் பழுப்புப் புள்ளி தெரிந்தது. தேங்காயெண்ணெய் தடவச் சொன்னேன்.

போகும்போது கத்தியை எனக்கே விட்டுவிட்டான். அங்கே இன்னொன்று இருக்கிறதாம். ஒரு கொட்டாங்கச்சியை எடுத்துவைத்து, முனையை வைத்து அழுத்திப் பார்த்தேன். அறுபத்தேழு வருடம் கழித்து. அலகு அசையவில்லை. ஓட்டை விழுந்தது. சின்னதாகத்தான், ஆனால் விழுந்தது.

"எந்தக் காட்டுக்குப் போகப் போறீங்க?" என்று வாசற்படியில் நின்று வீட்டுக்காரி கேட்டாள். பதில் சொல்லுமுன் கத்தியை வாங்கிக்கொண்டு போய் மாங்காய் நறுக்கினாள். புளிப்புப் பட்டு அலகு அரை மணியில் நீலக் கறுப்பாகிவிட்டது. பேரனைப் போனில் கூப்பிட்டுக் கேட்டோம். அது துரு இல்லையாம், அப்படியே விடலாமாம், எண்ணெய் மட்டும் தடவச் சொன்னான்.